பதினோராயிரத்துச் சொச்சம் அட்டைகள், ஒன்று நீங்கலாக

பேருந்தில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்துவிட்டால், என் நிறுத்தம் வந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வேண்டுமே. அவராக எழுந்து இறங்கும்வரை இருந்துவிட்டு, பிறகு நானும் இறங்கித் திரும்பி நடப்பேன். ஒருமுறை நான்கு நிறுத்தம் நடந்தேன். என் செருப்புகளைப் பார்த்தால் தெரியும், குதிகால் பக்கம் காகிதம்போல் ஆகியிருக்கும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் யாரையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மேடம்.

நடந்ததை வாக்குமூலமாக என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மேசை உயரம் சரியாக இருக்கிறது. பேனாவும் நன்றாக ஓடுகிறது. என் போனை உங்கள் பக்கம் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். சாட்சிப் பொருள் என்றால் அப்படித்தான் வைப்பார்கள், புரிகிறது. ஐந்து மணிக்குள் முடிந்தால் நல்லது. ஐந்து மணிக்கு ஊரிலிருந்து அக்கா கூப்பிடுவாள். அவள் ஒரு விமானக் கம்பெனியின் மேல் போட்ட வழக்கு வெள்ளிக்கிழமை நுகர்வோர் மன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. அவள் அங்கே எழுந்து நின்று பேசுவதற்கு முன்னால் நான் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இன்று புதன். அதற்கும் உங்கள் விசாரணைக்கும் சம்பந்தமில்லை. நேரத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒன்பது பேர். செய்வது ஒரே ஒரு ஆப். அதில் வாழ்த்து அட்டை தயாரிக்கலாம். ஒரு படம், அதன் கீழே எட்டு வரி எழுத இடம். முதல் திரையில் "யாருக்கு?" என்று கேட்கும். உங்கள் போனில் இருக்கிற பெயர்களில் ஒன்றைத் தொடுவீர்கள். பிறகு எழுதுவீர்கள். பிறகு "பகிர்" என்ற பொத்தானை அழுத்துவீர்கள். அந்த இடத்தில் எங்கள் ஆப் ஒதுங்கிக்கொள்ளும். போன் தன்னுடைய பட்டியலை விரித்து, குறுஞ்செய்தியில் அனுப்பவா, மின்னஞ்சலில் அனுப்பவா, வேறெதிலாவதா என்று கேட்கும். அதற்குள் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. மூடிய கதவு. கதவு திறந்ததும் போன் எங்களிடம் ஒரே ஒரு பதில் சொல்லும். "முடிந்தது" அல்லது "விட்டுவிட்டார்" அல்லது "பிழை".

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்து ஆக வேண்டியதைச் செய்கிற பகுதியை எழுதுவதுதான் என் வேலை. நான்கு வருடமாக. கடைக்குப் போன ஆள் திரும்பி வந்து வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியாச்சு என்பார், வேண்டாம்னு திரும்பிட்டேன் என்பார், இல்லையென்றால் கடை பூட்டியிருந்தது என்பார். "முடிந்தது" என்று வந்தால் திரையில் பச்சைப் பறவை ஒன்று பறக்கும். "பிழை" என்று வந்தால் மன்னிப்புக் கேட்போம். "விட்டுவிட்டார்" என்று வந்தால் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததையும் நான்தான் எழுதினேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

"நூறு பேர் பொத்தான அமுக்குறாங்க. முப்பத்தெட்டுப் பேர்தான் அனுப்புறாங்க. மீதி அறுபத்திரண்டு பேர் வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுறாங்க. ஏங்க?"

எங்கள் சோதனைப் பிரிவில் ஒரே ஒருத்தி. எந்தத் தப்பும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் கழுகு என்று கூப்பிடுவோம். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க மாமியாருக்கு நீங்க எழுதுன அட்டையில எத்தன அனுப்புனீங்க சார்?"

"அது வேற விஷயம்மா."

"அறுபத்திரண்டு பேருக்கும் அது வேற விஷயம்தான் சார்."

கூட்டம் சிரிப்போடு கலைந்தது. எனக்கு இரண்டு வேலை தந்தார்கள். ஒன்று, "பிழை" என்று வந்தால் மன்னிப்போடு நிறுத்தாமல் எங்கள் சர்வரிலிருந்தே அட்டை போய்ச் சேரும்படி செய்வது. யாருக்கு என்பதைத்தான் முதல் திரையிலேயே வாங்கிவிடுகிறோமே. இரண்டாவது, அந்த அறுபத்திரண்டு பேர் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று பார்ப்பது. பார்ப்பது என்றுதான் சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை.

விட்டுவிட்ட அட்டைகள் எங்கள் சர்வரில் வரைவாகத் தங்கும். எழுதியவர் மறுபடி திறந்தால் கிடைக்க வேண்டுமே. அவற்றை நான் திறந்தேன். ஒரு நாளைக்கு இருபது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்வேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் கீழே நடக்கப் போவார்கள். என்னை ஓரிரு முறை கூப்பிட்டார்கள். அப்புறம் வருகிறேன் என்றேன். பிறகு கூப்பிடவில்லை.

இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை, மேடம். குறை சொல்லவில்லை, அறை வசதியாக இருக்கிறது. ஆனால் அந்த அட்டைகளைப் படிக்கத் தொடங்கியபின் எனக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று உண்டாகிவிட்டது. அனுப்பப்பட்ட அட்டைகளில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பூ, ஒரு சூரியன், இந்த நாள் இனிய நாளாகட்டும். ஒருத்தர் அனுப்பினதையே இன்னொருத்தர் அனுப்புவார். அனுப்பாமல் விட்டவை அப்படி இல்லை.

"அண்ணா, உன் சைக்கிள உடைச்சது நான்தான். முப்பது வருஷமாச்சு."

"டீச்சர், நான் உருப்படவே மாட்டேன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக் கரண்ட் போனப்ப சரி பண்ணிக் கொடுத்தது நான்தான். நீங்க அடையாளம் கண்டுபிடிக்கல."

"நீ குறட்டை விடறதே இல்ல. எனக்குத் தனி ரூம் வேணும்னு அப்படிச் சொன்னேன்."

எழுதியிருக்கிறார்கள். பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பொத்தானைக்கூட அழுத்தியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து, கடைசியில் பட்டியலின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டிருக்கிறார்கள். சராசரியாகப் பதினான்கு விநாடி யோசித்துவிட்டு. அந்தப் பதினான்கு விநாடியை நான் நிறைய நாள் நினைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு "பிழை" வேலையை முடித்தேன். பிழை என்று வந்தால் சர்வரிலிருந்து அனுப்பு. அதற்கு மேலே "விட்டுவிட்டார்" என்கிற வரி, எதிரே ஒன்றும் செய்யாதே என்று இருந்தது. அதை அங்கிருந்து எடுத்துப் பிழைக்குப் பக்கத்தில் வைத்தேன், இனி விட்டுவிட்டவர்களின் அட்டையும் போய்ச் சேரும். அவ்வளவுதான். ஒருவர் ஒன்றை எழுதிவிட்டு அனுப்பாமல் போவதும் ஒருவகையில் பிழைதானே என்று எனக்குப் பட்டது. கூடவே ஒரு சின்ன வரி, குறிப்பிட்ட ஒரு போனுக்கு மட்டும் இது பொருந்தாது என்று. சோதனைக்காக எல்லோரும் வழக்கமாகச் செய்வதுதான். அதை நீங்கள் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

எங்கள் கம்பெனியில் யார் எதை மாற்றினாலும் கழுகு பார்த்துச் சரி என்ற பிறகுதான் அது வெளியே போகும். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மாத்தினதுக்கு என்ன தலைப்பு போட்டிருக்க?"

"சிறு திருத்தம்."

"நீ சிறு திருத்தம்னா நெஜமாவே சிறுசாத்தான் இருக்கும். எத்தன வரி?"

"ஒண்ணு இடம் மாறியிருக்கு, ஒண்ணு புதுசு."

"பிழை வந்தா அனுப்புதா?"

"அனுப்புது."

"சரி, போ."

கழுகின் மேல் தப்பில்லை. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மனிதாபிமானம் இல்லாமல் செய்தேன் என்று உங்கள் கோப்பில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. அது சரியில்லை. ஒருவர் பெருக்கல் குறியைத் தொட்டவுடனேயே அட்டை போய்விடாது. தொண்ணூறு விநாடி காத்திருக்கும்படி வைத்திருந்தேன். ஒருவேளை மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளட்டும் என்று. அப்படி ஓர் அவகாசம் இருப்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொல்லியிருந்தால் எல்லோரும் நிறுத்தியிருப்பார்கள்.

முதல் வாரத்தில் எழுநூற்று நாற்பது போயின. எங்கள் ஆப்பில் பதில் அட்டை போடவும் வசதி உண்டு. மூன்றாம் நாள் அந்தச் சைக்கிள் அண்ணன் பதில் போட்டிருந்தார். "தெரியும்டா. அன்னிக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா." நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை ஆறு தடவை படித்தேன். அன்றைக்குப் பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் வழி கேட்டு என் நிறுத்தத்திலேயே இறங்கினேன் என்று எழுத ஆசைதான். இறங்கவில்லை. ஆனால் திரும்பி நடந்தபோது களைப்புத் தெரியவில்லை.

நல்லபடியாக முடிந்தவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் முந்நூற்றுப் பதினாறு இருக்கின்றன. மற்றவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தீர்களா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை. எனக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டாம் மாதம் இன்னும் கொஞ்சம் மேம்படுத்தினேன். பகிர் பொத்தானைத் தொடாமலே ஆப்பை மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களையும் ஏன் விட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன். சிலர் பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருந்தார்கள். அப்படியே போனால் படிக்கிறவருக்கு மொட்டையாக இருக்குமே. அதனால் முற்றுப்பெறாத அட்டைகளின் கீழே "அன்புடன்" என்று தானாகச் சேரும்படி செய்தேன். சில வசவு அட்டைகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. "நீயெல்லாம் ஒரு மனுசனா, உன் மூஞ்சியில முழிச்சாலே, அன்புடன்" என்று ஒன்று போயிருக்கிறது. அந்த இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். வக்கீல்கள் மூலமாக.

புகார்களும் வந்தன. ஒன்பது பேர் கம்பெனியில் புகார் பிரிவு என்று தனியாக இல்லை. முறை வைத்து எடுப்போம். மற்றவர்களின் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகத் தந்தார்கள். ஒரு புதன்கிழமை ஒரு அம்மா கூப்பிட்டார். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"நான் அனுப்பலைங்க. எழுதுவேன், அவ்வளவுதான். புதன்கிழமையானா அவரு மேல கோபம் வரும், நான் போறேன், இனி சேந்து இருக்க முடியாதுன்னு எழுதுவேன். எழுதி மூடிருவேன். மனசு லேசாயிரும். அப்புறம் அவரு வேலை முடிஞ்சு வருவாரு, சாப்பிடுவோம்."

"எழுதினது நீங்கதானேங்க?"

"நான்தான்."

"பொய்யா எழுதினீங்களா?"

"எழுதுறப்ப பொய் இல்ல."

"அப்ப அவருக்குத் தெரிய வேண்டியது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அனுப்புறதுங்கறது வெறும் விரல் வேலைங்க."

பிறகு சொன்னார், "நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள போயிட்டாருங்க. படிக்கிற கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டாரு. எங்க அனுப்புறதுன்னு தெரியல. கண்ணாடி இல்லாம அவரால எதையும் படிக்க முடியாது."

படித்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நான் அப்படியெல்லாம் மனம் நோகப் பேசுகிறவன் இல்லை. புகார்ப் பதிவேட்டில் "தீர்ந்தது" என்று குறித்தேன். அந்தப் பக்கத்தைத்தான் நீங்கள் மடித்து வைத்திருக்கிறீர்கள்.

என் கருத்து எளிமையானது, மேடம். ஒருவர் எழுதி முடித்த கணமே அது அவருடையது இல்லை. யாருக்கு எழுதினாரோ அவருடையது. நடுவில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எழுதியவருக்கு என்ன உரிமை?

நான் பிடிபட்டது முதலாளியின் மாமியாரால். முதலாளியின் மனைவி ஒரு நாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எங்க அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறார். இவர் எழுதினார். "அத்தை, எப்ப வேணும்னாலும் வாங்க, எத்தன நாள் வேணும்னாலும் இருங்க, இது உங்க வீடு." அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு மனைவி உள்ளே போனதும் பெருக்கல் குறியைத் தொட்டார். தொண்ணூறு விநாடி கழிந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா இரண்டு பெட்டிகளோடும் ஒரு தையல் மிஷினோடும் வந்து இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி அலுவலகத்துக்குள் வந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"நான் அனுப்பல. மூடினேன். மூடினத என் கண்ணால பாத்தேன்."

"விரலால மூடினீங்களா, கண்ணால மூடினீங்களா சார்?" என்றாள் கழுகு.

"வெளையாடாதம்மா. என் வீட்டுல தையல் மிஷின் ஓடுது. காலையில அஞ்சரைக்கே ஓடுது."

கழுகுக்குக் கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியாம நடந்துச்சுன்னு சொல்லு."

"தெரிஞ்சுதான்."

"எத்தன?"

"பதினோராயிரத்து நாற்பத்தொண்ணு."

அவள் என் திரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அதுல என்னோடது?"

"ஒண்ணே ஒண்ணு. உங்கப்பாவுக்கு எழுதினது. அவர் உன்னோட பேச ஆரம்பிச்சிட்டார்ல?"

எட்டு வருடம் பேசாமல் இருந்தவர், மேடம். நான்கு மாதம் முன்பு திடீரென்று கூப்பிட்டார். அன்றைக்கு அவள் எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். என் முந்நூற்றுப் பதினாறில் அது நான்காவது.

"அவராத் தோணி கூப்பிட்டார்னு நெனச்சேன்டா," என்றாள். எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. பட்டியலில் அதை இன்னும் நான் அடிக்கவில்லை. முடிவு நல்ல முடிவுதானே.

போன வாரம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிழை என்று எழுதிக் கொடுத்துவிடு, ஒரு வரி தவறான இடத்தில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், உன் வேலையும் இருக்கும், இங்கே தங்குகிற அனுமதியும் இருக்கும் என்றார். பெருந்தன்மையான மனிதர். ஏழு வாரமாகச் சரியான தூக்கம் இல்லாதவர் வேறு. நான் மறுத்தேன். பிழை என்றால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அர்த்தம். என் வேலையில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. செய்தது நான். வேண்டுமென்றே செய்தேன். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் மறுபடி செய்வேன். இதுதான் என் வாக்குமூலம். இத்தோடு முடித்திருக்கலாம். மணி நாலரைதான் ஆகிறது.

ஆனால் நீங்கள் வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அந்தச் சின்ன வரிக்கு வந்துவிட்டீர்கள். நாம் பேசியதையும் அப்படியே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"இந்த ஒரு போனுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?"

"சோதனைக்கு, மேடம்."

"இது உங்க போன்தானே?"

"ஆமா."

"என்ன சோதிச்சீங்க?"

"விட்டுவிட்டார்ங்கற பதில் சரியா வருதான்னு."

"வந்துச்சா?"

"இருநூத்திப் பன்னெண்டு தடவையும் சரியா வந்துச்சு."

"இருநூத்திப் பன்னெண்டும் ஒரே அட்டை. ஒரே ஆளுக்கு."

சோதனை என்றால் மாற்றாமல் செய்தால்தானே பலன் தெரியும். இதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

மூன்று வருடம் முன்பு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா கூப்பிட்டு, டேய், உடனே கிளம்பு என்றாள். டிக்கெட் எடுத்தேன், விமான நிலையத்துக்குப் போனேன், எல்லாச் சோதனையும் முடித்து ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா என்றால் எனக்கு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற ஆள். அக்கா அனுப்பிய படத்தில் அவர் அப்படி இல்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்துவிட்டார். நான் எழுந்தால் அவர் விழித்துவிடுவார். என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நன்றாகவே உச்சரித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் பின்னால் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் எழுந்து, ஸாரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடம், இடம் இல்லை என்று என்னை ஏற்றவில்லை என்று சொன்னேன். நேரில் போய் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அப்பா மறுநாள் மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வீட்டில் எனக்கு "அப்புறம்" என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்வேனாம். அக்கா அப்படி இல்லை. பிடித்தால் விடமாட்டாள். அந்தக் கம்பெனியின் விமானத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறக் கூடாது என்று தடை போட்டுவிட்டாள். சித்தப்பா முழங்கால் வலியோடு மூன்று நாள் ரயிலில் போகிறார். அண்டை வீட்டுக்காரர்கூட அவளுக்குப் பயந்து வேறு விமானத்தில் போகிறார். பத்தொன்பது கடிதம் எழுதினாள். பிறகு வழக்கு. நேற்று ஐந்து மணிக்கு இப்படித்தான் பேசினாள்.

"டேய் அப்புறம், சாப்பிட்டியா? கேளு. வக்கீலே வேணாம்னுட்டேன். நானே பேசுறேன். அவனுங்க என்ன பேப்பர் குடுத்திருக்கானுங்க தெரியுமா? நீ ஏறவே வரலையாம். மூணு தடவ கூப்பிட்டாங்களாம். எவ்வளவு கூசாமப் பொய் சொல்றானுங்க பாரு. எனக்கு நஷ்டஈடெல்லாம் வேணாம்டா. அப்பா எப்படி வாசலப் பாத்துட்டே கெடந்தாருன்னு அத்தன பேர் முன்னாடி சொல்லணும். சொல்லிட்டு அந்தப் பேப்பர அங்கயே கிழிச்சுப் போடணும். சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் வர்றாங்க. நீ கவலப்படாத. உன் பக்கம் நான் இருக்கேன்."

"அக்கா," என்றேன்.

"என்னடா?"

"அப்புறம் சொல்றேன்."

அட்டையில் இருப்பது மூன்றே வரி. "அக்கா, அவங்க என்ன விடலங்கறது பொய். நான்தான் எந்திரிக்கல. வெள்ளிக்கிழமை போகாத." இரண்டு வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். வழக்கு வந்த பிறகு கடைசி வரியை மட்டும் சேர்த்தேன். பெயரைத் தொடுவேன், பொத்தானை அழுத்துவேன், பட்டியல் விரியும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கும். இதை அந்த அறுபத்திரண்டு பேரோடு சேர்க்காதீர்கள். அவர்கள் தயங்கினார்கள். நான் வார்த்தை சரியாக அமையட்டும் என்று காத்திருக்கிறேன்.

அப்போது மணி ஐந்தாக இரண்டு நிமிடம். என் போனை நீங்கள் திருப்பினீர்கள். அட்டை திறந்தே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தீர்கள்.

"எழுதி முடிச்சிட்டீங்களே. நல்லாத்தான் இருக்கு."

"இன்னும் ஒரு வரி யோசிக்கணும், மேடம்."

"வெள்ளிக்கிழமைக்கு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"பாவம், உங்க அக்கா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வேற வர்றாங்க. பொத்தான நான் அமுக்கிடட்டுமா? நீங்க சொன்ன மாதிரி வெறும் விரல் வேலைதான."

உங்கள் கை மேல் என் கை விழுந்ததற்கு மன்னிக்க வேண்டும். பேனா உருண்டு, வெந்நீர் கொட்டி, இந்தத் தாளின் ஓரம் நனைந்திருப்பது அதனால்தான். நான் யாரையும் தொட்டுப் பேசுகிறவன்கூட இல்லை. நம் இரண்டு பேர் கைக்கும் அடியில் போன் அடித்தது. அக்காவின் பெயர் வந்தது. எடுங்க என்றீர்கள். அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். அது அடித்து நின்ற பிறகு இதை எழுதுகிறேன்.

பதினோராயிரத்து நாற்பத்தொரு அட்டைகளையும் அனுப்பியது நான்தான் என்பதில் மாற்றமில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சற்று முன் நீங்கள் கேட்டதற்கு என் ஆட்சேபத்தை இங்கேயே பதிவு செய்ய விரும்புகிறேன். அந்த அட்டையை எழுதியது நான், மேடம். அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவனும் நான்தான். அடுத்தவர் எழுதியதை அவரைக் கேட்காமல் அனுப்பலாம் என்று உங்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறது?